பதினொரு தட்டும் ஒரு டவுன் பஸ்ஸும்

பிள்ளைகளா, அந்தக் காதுகுத்துக் கதையை நீங்கள் இரண்டு பேரும் தெருவெல்லாம் தப்புத்தப்பாகச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். பெரியவள் சொல்லும்போது பஸ்ஸில் முந்நூறு பேர் இருக்கிறார்கள். சின்னவன் சொல்லும்போது அப்பா சைக்கிளோடு பஸ்ஸைத் தாண்டிக் குதிக்கிறார். நான் குதிக்கவில்லை. பஸ்ஸின் ஓரமாகத்தான் போனேன். அன்றைக்கு நீங்கள் அம்மாவோடு முன்பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள், நான் பின்பக்கம் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் என்ன நடந்தது என்பது உங்களுக்குப் பாதிகூடத் தெரியாது.

பெரியவளின் வகுப்பில் கையெழுத்துப் பத்திரிகை போடுகிறார்களாம். புகை விடாமல் ஊர் போவது எப்படி என்று வீட்டில் ஒருவர் எழுதித் தர வேண்டுமாம். அதனால் இதை உங்களுக்கும் உங்கள் கூட்டாளிகளுக்கும் சேர்த்து எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். திருவெறும்பூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறேன். எழுத்தும் எனக்குப் பற்றவைப்பு மாதிரிதான், ஒன்றோடொன்று ஒட்டி நின்றால் போதும். மேடும் பள்ளமுமாக இருந்தால் தேய்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாக்குக் கொடுத்த கதை. அதுவும் ஒரு பந்தயத்தில்தான் ஆரம்பித்தது.

எங்கள் வீடு எடமலைப்பட்டி புதூரில். தெரு முனையில் பால் கடை. அந்தக் கடைக்கும் நான் பைக்கில்தான் போவேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவுகிற மாதிரி, வாசலைத் தாண்டினால் பைக். ஒரு நாள் காலையில் பெரியவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, நீங்க பைக்ல போங்க. நான் நடந்து போறேன். யாரு முதல்ல பால் வாங்கிட்டு வர்றாங்கன்னு பாப்போம்."

"அம்மாடி, அழக்கூடாது," என்று சொல்லிவிட்டு நான் சாவியைத் தேடினேன். சாவி டிவி மேல் இல்லை, சட்டைப் பையில் இல்லை. இட்லிப் பானைக்குப் பின்னால் இருந்தது. கேட்டைத் திறந்து, வண்டியைப் பின்னுக்குத் தள்ளி, பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரை ஒதுக்கச் சொல்லி, நாலு உதை உதைத்து, அது உயிர் வந்து கனைத்தபோது, "அப்பா, ஹெல்மெட்!" என்று குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பெரியவள் கையில் பால் பாக்கெட்டோடு நிற்கிறாள். உங்கள் அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த தோசை கருகிப் போயிற்று.

அன்று சாயங்காலமே பிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. பெரியவளின் கையெழுத்து. சுற்றிலும் பூப் போட்டது சின்னவன். நடக்கிற தூரமென்றால் நட. அதற்கு மேலே சைக்கிள். அதற்கும் மேலே பஸ், ரயில். பைக்கும் காரும் கடைசி, அதையும் ஒற்றை ஆளாக எடுக்காதே. கீழே நான் கையெழுத்துப் போட்டேன். ரேஷன் கார்டுக்குக்கூட நான் அவ்வளவு யோசித்துப் போட்டதில்லை.

மறுநாளிலிருந்து ஜங்ஷன் வரைக்கும் சைக்கிள், அங்கிருந்து திருவெறும்பூருக்குப் பாசஞ்சர் ரயில். பட்டறையில் என்னோடு வேலை செய்கிறவர்கள் விடுவார்களா?

"என்ன மாப்ள, பைக்க வித்துட்டியா?"

"இல்லப்பா. வீட்டுலதான் நிக்குது."

"அப்ப பொண்டாட்டி சாவிய வாங்கி வச்சிக்கிச்சா?"

"பொண்ணு வாங்கி வச்சிருச்சு."

பட்டறையே சிரித்தது. சிரிக்கட்டும். தஞ்சாவூர் ரோட்டில் லாரிக்குப் பின்னால் தினமும் அரைக்கிலோ புகையை விழுங்கிக்கொண்டு போனவன், இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு போகிறேன். பைக்கில் போகும்போது தூங்கினால் ஆஸ்பத்திரி. ரயிலில் தூங்கினால் தஞ்சாவூர். இரண்டு தடவை தஞ்சாவூர் போயிருக்கிறேன். அதை உங்கள் அம்மாவிடம் சொல்லவில்லை, இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். கொட்டுகிற மழையில் பைக்கை எடுத்த நாளும் உண்டு. அதையும் மறைக்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு ராத்திரிச் சாப்பாட்டில் பெரியவள் வலை விரித்தாள்.

"அப்பா, அடுத்த விசேஷத்துக்கு நாம வேன் பிடிக்கக் கூடாது. சரியா?"

என் வாயில் முக்கால் தோசை இருந்தது. "ம்," என்றேன்.

"ம்னா?"

"சரிம்மா. சத்தியமா."

ஒரே வாரத்தில் ஸ்ரீரங்கத்திலிருந்து என் தங்கை போன் பண்ணினாள்.

"அண்ணே, பாப்பாவுக்குக் காதுகுத்து வச்சாச்சு. ஞாயித்துக்கிழமை. பத்தரைக்குள்ள தோடு காதுல ஏறிடணும்னு என் மாமனாரு நேரம் குறிச்சிட்டாரு. நீ சீரோட எத்தனை மணிக்கு வருவ? வேன் வாசல்ல வந்து நின்னதும் மேளம் அடிக்கச் சொல்லணும்."

பிள்ளைகளா, உங்கள் கூட்டாளிகளில் சிலருக்கு இது தெரியாமல் இருக்கலாம். எங்கள் வீடுகளில் குழந்தைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில்தான். தோடும் தாய்மாமன்தான் கொண்டுவர வேண்டும். அதோடு சீர்த் தட்டு. பழம், பூ, வெற்றிலை பாக்கு, தேங்காய், கற்கண்டு, லட்டு, துணிமணி என்று ஒற்றைப்படையில் தட்டுகள். மாமன் இல்லாமல் ஆசாரி ஊசியைக் கையில் எடுக்க மாட்டார். இப்போதெல்லாம் மாமன்மார்கள் வேன் பிடித்து, முன்னால் பலூன் கட்டி, பாட்டுப் போட்டுக்கொண்டு, வெடியோடு வந்து இறங்குகிறார்கள். தங்கையின் மாமனார் குடும்பம் பெரிது. மாமன் எப்படி வருகிறான் என்று பார்ப்பதற்கென்றே வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிற குடும்பம்.

"வேன் இல்லம்மா. பஸ்ஸு," என்றேன்.

அவள் குரல் மலர்ந்துவிட்டது. "ஐயோ, பஸ்ஸா! அவ்ளோ ஆளா கூட்டிக்கிட்டு வர்ற? எதுக்குண்ணே இவ்ளோ செலவு?"

"தனி பஸ் இல்லம்மா. டவுன் பஸ்."

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். ஆகவில்லை.

"விளையாடாத அண்ணே."

"பிள்ளைங்ககிட்ட சத்தியம் பண்ணிட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு தணிந்த குரலில் சொன்னாள். "சரி. எதுல வேணா வா. ஆனா பத்தரைக்குள்ள வந்துரு. தட்டு ஒத்தப்படையா இருக்கணும். தோட்ட மறந்துராத. எங்க அண்ணன் எல்லாம் நல்லா செய்யும்னு இங்க நான் சொல்லி வச்சிருக்கேன். நீ லேட்டா வந்து நின்னா, வாழ்நாள் முழுக்க நான்தான் கேட்டுக்கிட்டு இருக்கணும்."

சத்தியம் பண்ணியது நான். தலை குனிய வேண்டியது அவளா?

ஞாயிற்றுக்கிழமை காலை. முகூர்த்த நாள் வேறு. பதினொரு தட்டையும் கண்ணாடிப் பேப்பர் சுற்றி, குடுமி மாதிரி மேலே ரிப்பன் கட்டி வைத்திருந்தாள் உங்கள் அம்மா. அடுக்கவும் முடியாது, பைக்குள் போடவும் முடியாது. நாம் நாலு பேர், கைகள் எட்டு. மீதியை நம் தெருக்காரர்கள் ஆளுக்கொன்றாகப் பஸ் ஸ்டாப் வரை ஏந்தி வந்தார்கள். இரண்டு கையும் வேண்டும் என்று என் போனைக்கூட அம்மாவின் பையில் போட்டுவிட்டேன். அந்தப் புத்திசாலித்தனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நேராக ஸ்ரீரங்கம் போகிற பஸ் வந்தது. உட்கார ஒரு சீட் இல்லை. என்ன செய்வது என்று நான் யோசிக்கவே இல்லை, நம் ஊரில் அதை யாரும் யோசிப்பதில்லை. நிற்கிறவன் பையை உட்கார்ந்திருக்கிறவர் மடியில் வைப்பதுதானே வழக்கம்? ஜன்னல் வழியாக ஒவ்வொரு தட்டாக நீட்டினேன். "கொஞ்சம் வச்சுக்குங்க. ஸ்ரீரங்கத்துல வாங்கிக்கிறேன்." முன்பக்கம் பெண்கள் மடியில் ஐந்து தட்டு. பின்பக்கம் ஆண்கள் மடியில் ஆறு. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பெண்கள் பக்கம் ஒரு பூக்காரம்மா, மடியில் இருந்த கூடையைக் காலடிக்குத் தள்ளிவிட்டுக் கற்கண்டுத் தட்டை வாங்கிக்கொண்டார். உங்கள் இரண்டு பேரையும் டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் பெட்டி மேல் ஏற்றி உட்கார வைத்தார்கள்.

தோடு இருந்த தட்டு பட்டுப் பாவாடைத் தட்டு. பாவாடை மடிப்புக்கு மேலே சின்ன சிவப்பு டப்பா. அதை மட்டும் ஆள் பார்த்துத்தான் கொடுத்தேன். பின்பக்கம் ஜன்னலோரம் வெள்ளைத் தொப்பியும் குறுந்தாடியுமாக ஒரு பாய், துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். மகள் வீட்டுக்கு வந்துவிட்டுக் கடை திறக்கப் போகிறாராம். சிந்தாமணியில் ஒரு சந்தில் தையல் கடை.

"பாய், இதுல பாப்பாவுக்குத் தோடு இருக்கு."

"அப்படியா? குடுங்க தம்பி." தோளில் இருந்த துண்டை எடுத்துத் தட்டை மூடிக்கொண்டார். "யாருக்குக் காதுகுத்து?"

"தங்கச்சி பொண்ணுக்கு. பத்தரைக்குள்ள குத்தணும்."

"இன்ஷா அல்லா போயிரலாம். நீங்க கம்பிய நல்லா பிடிங்க. மாமன் விழுந்துட்டா ஆசாரி யாரு மடியில குத்துவாரு?"

கண்டக்டர் வந்தார். ஒவ்வொரு மடியாகப் பார்த்தார்.

"என்னய்யா இது, வாழைப்பழம், தேங்காய், லட்டு... பஸ்ஸா, மண்டபமா?"

"தாய்மாமன் சீருங்க," என்றது யாரோ ஒருவர். நான் இல்லை.

"அப்ப மாமன் யாரு?"

பத்துக் கைகள் என்னைக் காட்டின. அந்த நிமிஷத்திலிருந்து பஸ் முழுவதும் எனக்கு ஒரே பெயர்தான். "மாமா, உள்ள தள்ளி நில்லுங்க." "மாமா, சில்லறை இருக்கா?" தாடி நரைத்த பெரியவர் ஒருவரும் மாமா என்றார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில்தான் வினை வந்தது. பாதி பஸ் இறங்கியது, ஒன்றரை பஸ் ஏறியது. இறங்குகிறவர்கள் தட்டைச் சும்மா வைத்துவிட்டா போவார்கள்? சீட்டோடு சேர்த்துத் தட்டையும் அடுத்தவருக்குக் கைமாற்றினார்கள். "இந்தாங்க, மாமன் சீரு. ஸ்ரீரங்கத்துல குடுத்துருங்க." தட்டுகள் தலைக்கு மேலே மிதந்து போவதைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. கூட்டம் என்னைக் கடைசி மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. முகத்துக்கு முன்னால் ஒரு முதுகு. அதைத் தவிர எதுவும் தெரியவில்லை.

சிந்தாமணி ஸ்டாப் வந்தது, போனது. காவிரிப் பாலத்தில் ஏறினோம், நின்றோம். நின்றோம் என்றால் அப்படி ஒரு நிற்றல். பக்கத்தில் புதுப் பாலத்து வேலை, எதிரே கல்யாண வேன்கள், நடுவில் மாருதியும் இன்னோவாவுமாக ஆளுக்கொரு கார். இன்ஜினை அணைத்துவிட்டார் டிரைவர். முதுகு கொஞ்சம் விலகியது. எட்டிப் பார்த்தேன். பாய் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு காலேஜ் பையன் காதில் ஒயரோடு உட்கார்ந்திருந்தான். மடியில் தட்டு இல்லை.

"தம்பி, இங்க ஒரு பாய் இருந்தாரே?"

"சிந்தாமணியில இறங்கிட்டாருங்க மாமா."

"அவரு கையில ஒரு தட்டு..."

"ஆமா, தட்டோடதான் இறங்கினாரு."

"தோடு தட்டு!" என்று கத்திவிட்டேன். பின்பக்கம் முழுவதும் எழுந்தது. "என்கிட்ட வாழைப்பழம் மாமா!" "இங்க லட்டு!" "தேங்கா இங்க இருக்கு!" "மாமா, இது என்னன்னு தெரியல, ஆனா கனமா இருக்கு!" பட்டுப் பாவாடை மட்டும் இல்லை. ஒருவர் கடிகாரம் பார்த்துச் சொன்னார், மணி ஒன்பது ஐம்பது. போன் அம்மாவின் பையில். அம்மா நாற்பது தலைகளுக்கு அந்தப் பக்கம்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். மனிதர் மறந்துபோய்த் தட்டோடு இறங்கியிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த விநாடி வேறு மாதிரியும் நினைத்தேன். துண்டைப் போட்டு ஏன் மூடினார் என்று நினைத்தேன். முழுசாக ஒரு விநாடி. பிறகு பின்வாசல் வழியாகக் குதித்துச் சிந்தாமணியைப் பார்த்து ஓட ஆரம்பித்தேன்.

பட்டு வேட்டி கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறீர்களா? ஒரு கை வேட்டிக்கு. ஒரு கை காற்றைத் துழாவ. நின்றுபோன கார்களுக்குள்ளிருந்து எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு கல்யாண வேனிலிருந்து ஒரு பெண், "மாப்பிள்ளை ஓடிப்போறாரு டோய்!" என்று கத்தியது. நாற்பது வயதில் மாப்பிள்ளை என்று சொன்னார்களே என்று அந்த அவதியிலும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

நல்லவேளை, பாலத்தில் ரொம்ப தூரம் ஏறியிருக்கவில்லை. சந்துக்குள் நுழைந்து, "தையக்கடை பாய், தையக்கடை பாய்" என்று கேட்டுக்கொண்டே ஓடினேன். அவர் அப்போதுதான் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தார்.

"பாய்... தட்டு..." மூச்சு முட்டியது.

"என்ன தம்பி, இறங்கிட்டீங்க? தட்ட டிரைவர்கிட்ட குடுத்தாச்சே! உங்களத் தேடிப் பாத்தேன், ஆளையே காணோம். யார் கையிலயோ குடுக்க மனசு வரல. பின்வாசல்ல இறங்கி, முன்வாசலுக்குப் போயி, டிரைவர் கையிலயே குடுத்துட்டு வந்தேன். தோடு இருக்குன்னும் சொல்லிட்டேன். உங்க பொண்ணுதான வாங்கி மடியில வச்சுக்கிச்சு? இன்ஜின் மேல உக்காந்திருந்த பொண்ணு. அப்பா மூக்கு அப்படியே இருக்கே."

பெரியவளே! நான் பாலத்தில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது தோடு உன் மடியில் இருந்தது. கேட்டதற்கு நீ என்ன சொன்னாய்? "நீங்கதான் குடுத்துவிட்டீங்கன்னு நினைச்சேன்ப்பா."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாய் தண்ணீர் கொடுத்தார். துண்டால் முகத்தைத் துடைக்கச் சொன்னார். அதே துண்டு. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"உக்காராதீங்க தம்பி, மணியப் பாருங்க. பத்து. பாலம் இன்னைக்கு அசையாது. ஆட்டோ வச்சாலும் அங்கதான் நிக்கும். இத எடுத்துக்கிட்டுப் போங்க." சுவரில் சாய்த்திருந்த சைக்கிளைத் தள்ளிக் கொடுத்தார். பழைய வண்டி. பின்னால் கேரியரின் ஒரு கால் முறிந்து, கம்பி போட்டுக் கட்டியிருந்தது. "பின்னால மட்டும் எதையும் வச்சிராதீங்க, தாங்காது. நாளைக்குச் சாயங்காலம் கொண்டாந்து குடுங்க, போதும்."

இனிமேல் நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

பாலம் முழுக்க வண்டி. காசு காசாகப் பெட்ரோல் குடித்துக்கொண்டு அத்தனை காரும் ஒரு அடி நகரவில்லை. அந்த ஓரத்தில் ஒன்றரை முழ இடம். அதில் நான். பெடலை மிதிக்க மிதிக்கக் காவிரிக் காற்று வேட்டியைக் கப்பல் பாய் மாதிரி உப்ப வைத்தது. மணியை அடித்துக்கொண்டே போனேன். அடிக்க அவசியமில்லை, ஆனாலும் அடித்தேன். இன்னோவாவைத் தாண்டினேன். வெடியோடு பலூன் கட்டி நின்ற ஒரு சீர் வேனைத் தாண்டினேன். அதில் இருந்த மாமன் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தார். பாவம். அவருக்கும் பத்தரையோ என்னவோ.

நான் குதித்த இடத்திலேயே நின்றது நம் பஸ். முன் ஜன்னலிலிருந்து சின்னவன்தான் முதலில் பார்த்தான்.

"அம்மா! அப்பா சைக்கிள்ல வர்றாரு!"

"உங்கப்பா பின்னால நிக்கிறாருடா."

"இல்லம்மா, வெளியில வர்றாரு!"

பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அத்தனை பேரும் இடது பக்க ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். "மாமா! மாமா!" என்று பின்பக்கம் கைதட்டல். டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார். உங்கள் அம்மா தலையை வெளியே நீட்டி, "எங்கங்க போனீங்க? இது யாரு சைக்கிளு?" என்றாள்.

"அப்புறம் சொல்றேன். தோட்டுத் தட்டக் குடு. நான் முன்னால போறேன்."

"எப்படிக் கொண்டு போவீங்க, ஒத்தக் கையிலயா?"

பின்னால் வைக்க முடியாது, கேரியர் உடைசல். ஒற்றைக் கையில் பிடித்தால் தோடு காவிரிக்கு. அப்போது அந்தப் பூக்காரம்மா பெரியவளிடமிருந்து தட்டை வாங்கி ஜன்னல் வழியாக இறக்கினார். கூடையிலிருந்து ஒரு கற்றை வாழை நாரையும் உருவி நீட்டினார்.

"ஹேண்டில் மேல வச்சு இறுக்கிக் கட்டுங்க தம்பி. கோயில் மாலையே நிக்குது, இது நிக்காதா?"

கண்டக்டர் இறங்கி வந்து தட்டைப் பிடித்துக்கொண்டார். நான் கட்டினேன். கட்டி முடித்ததும் அந்த அம்மா இரண்டு முழம் சாமந்தியை ஹேண்டிலைச் சுற்றிப் போட்டுவிட்டார். "சீர் வண்டி வெறுமனே போகக் கூடாது." பின்பக்கத்திலிருந்து அந்தக் காலேஜ் பையன், காதிலிருந்த ஒயரைக் கழற்றிவிட்டு, "மாமாவுக்கு வழி விடுங்க!" என்று முன்னால் நின்ற கார்களைப் பார்த்துக் கத்தினான். நான் புறப்பட்டேன்.

பாலம் இறங்கி, மாம்பழச்சாலை திரும்பி, அம்மா மண்டபம் ரோட்டில் காதுகுத்து நடக்கிற மண்டபத்தின் வாசல் தெரிந்தபோது மணி பத்தே கால். மேளக்காரர் இருவரும் ரோட்டைப் பார்த்து நின்றார்கள், வேன் வருகிறதா என்று. பட்டு வேட்டியில் ஒருவன் சாமந்தி போட்ட சைக்கிளில் வேர்த்து வழிந்துகொண்டு வருவதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. தங்கையின் மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்தார். தங்கை குழந்தையோடு வாசற்படியில் நின்றாள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை. அவள் கண் என் மேல் படவில்லை. எனக்குப் பின்னால் வெறும் ரோட்டைத்தான் பார்த்தது.

"சம்பந்தி, வேன் எங்க?" என்றார் மாமனார்.

"வேன் இல்லைங்க."

"பின்ன சீரு?"

"பின்னால வருதுங்க. பெரிய வண்டி."

அவர் மீசை அசைந்தது. நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒரு அத்தை, "ஒரு தட்டுதான் போலருக்கு," என்று முணுமுணுப்பது போல எல்லோருக்கும் கேட்கச் சொன்னது. தங்கை முகம் சுருங்கிப் போனது. நான் நாரை அவிழ்க்கிறேன், முடிச்சு விழுந்திருக்கிறது, மணி பத்து இருபது.

அப்போது ஹாரன் கேட்டது. விடாமல், நீளமாக, கோணல்மாணலாக. எனக்குத் தெரிந்த ஹாரன். நான் பாலம் இறங்கியதுமே நெரிசல் கலைந்துவிட்டதாம்.

ஸ்டாப் மண்டபத்துக்கு நேர் எதிரே. பஸ் நின்றதும் முதலில் நீங்கள் இரண்டு பேரும் குதித்தீர்கள். பிறகு அம்மா. பிறகு வாழைப்பழத் தட்டோடு கண்டக்டர். கற்கண்டுத் தட்டோடு பூக்காரம்மா. தேங்காய்த் தட்டோடு அந்தக் காலேஜ் பையன். கோயிலுக்கு வந்தவர்கள், வேலைக்கு வந்தவர்கள், முன்பின் தெரியாதவர்கள், ஆளுக்கொரு தட்டோடு வரிசையாகப் படி இறங்கி ரோட்டைக் கடந்தார்கள். தட்டுக் கிடைக்காதவர்கள்கூடச் சும்மா பின்னால் வந்தார்கள். மேளம் அடிப்பவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறகு அவருக்கே ஆவேசம் வந்துவிட்டது. என்ன அடி! டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே ஹாரனில் தாளம் போட்டார்.

"இவ்ளோ பேரும் உங்க சொந்தக்காரங்களா?" என்றார் மாமனார்.

"ஆமாங்க," என்றது பூக்காரம்மா, நான் வாய் திறப்பதற்குள். "மாமன் வகையில."

தங்கை தட்டுகளை எண்ணினாள், உதடு அசைவது தெரிந்தது. பத்து. நான் முடிச்சை அவிழ்த்து, பட்டுப் பாவாடைத் தட்டை அவள் கையில் கொடுத்தேன். பதினொன்று. லட்டுத் தட்டில் மட்டும் ஓரத்தில் இரண்டு குழி. சின்னவனே, உன் வாய் ஓரத்தில் இருந்ததை உன் அத்தை தன் முந்தானையால் துடைத்துவிட்டாள், ஞாபகமிருக்கிறதா? அப்போது அவள் அழுதாளா, சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. "பத்தரைக்கு அஞ்சு நிமிஷம் இருக்கு அண்ணே, சீக்கிரம் உக்காரு," என்றாள்.

உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் வைத்தார்கள். ஆசாரி குத்தியபோது அது வீறிட்ட சத்தம் அந்த ஹாரனையும் தோற்கடித்தது. ஆனால் மாமனார் தன் கடிகாரத்தைப் பார்த்து, பிறகு நாற்காலிக்காரர்களைப் பார்த்து, "வேன்ல எவன் வேணா கொண்டாருவான்," என்றார். அன்று முழுவதும் வந்தவர்களுக்கெல்லாம் தங்கைதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்க அண்ணன் பஸ்ஸோட வந்துச்சு."

சாயங்காலம் நீங்கள் பஸ்ஸில் திரும்பினீர்கள். நான் பாயின் சைக்கிளில் வந்தேன். மறுநாளும் அதே சைக்கிளில்தான் வேலைக்குப் போனேன், ரயிலில் போகவில்லை. ஏன் என்று பெரியவள் கேட்டாள். இப்போது சொல்கிறேன்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் பட்டறையில் நான் மட்டும் இருந்தேன். சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு போய், கேரியரைக் கட்டியிருந்த கம்பியை வெட்டினேன். முறிந்த இடத்தைத் துருப்போகத் தேய்த்தேன். மெல்லிய வெல்டிங் ராடு போட்டு, கரண்டைக் குறைத்து, ஓட்டை விழாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றவைத்தேன். அரை மணி நேரம் பிடித்தது. பிறகு மேடு தெரியாமல் அரத்தால் ராவி, கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். காய்ந்ததும் சைக்கிளைச் சுவரில் சாய்த்து, பாயின் துணி மூட்டை எவ்வளவு கனம் இருக்கும் என்று யோசித்து, அந்தக் கேரியர் மேல் நானே ஏறி உட்கார்ந்து பார்த்தேன். தாங்கியது. உட்கார்ந்தபடியே கையை எட்டி நீட்டி, ஒரு தடவை மணி அடித்தேன்.